ஐந்து மாதம் கொட்டகையில் கிடந்த சைக்கிள்களையும் கயாக் படகுகளையும் மறுபடி எடுப்பதற்கு முன்

உங்கள் பதிவில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பருவம் தொடங்கும்போது நான்கு சைக்கிள்களிலும் இரண்டு கயாக் படகுகளிலும் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஐந்து மாதம் கொட்டகையில் கிடந்தவற்றை முதல் பயணத்துக்கு முந்தைய நாள் எடுத்துப் பார்த்தால் டயர்கள் காற்றிறங்கிக் கிடக்கின்றன, செயின்களில் துரு ஏறியிருக்கிறது, காற்றடைக்கும் கயாக்கை விரித்தவுடன் பூஞ்சணம் நாறுகிறது, பிளாஸ்டிக் கயாக்கின் அடியில் குழி விழுந்திருக்கிறது என்றும், இது ஆண்டுதோறும் நடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்கு குறைகளில் ஒன்றுகூட ஓட்டியதால் வந்ததில்லை. நான்குமே வைத்திருந்த காலத்தில் வந்தவை. ஆகவே, வெளியே எடுக்கும் நாளுக்கான பட்டியலை மட்டும் தந்தால் அடுத்த ஆண்டும் இதே கேள்வியோடு வருவீர்கள். பத்திரப்படுத்தி வைக்கும் நாளில் செய்ய வேண்டியதை முதலிலும், வெளியே எடுக்கும் நாளில் பார்க்க வேண்டியதை அதன் பின்னும் சொல்கிறேன். மகளின் ஹெல்மெட்டையும் லைஃப் ஜாக்கெட்டையும் மகனுக்குத் தரலாமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

சைக்கிள் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளும், அதன் பிறகு துடுப்புப் படகுப் பயிற்சி தரும் இடமொன்றில் படகுகளையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் பராமரிக்கும் பொறுப்பில் பல ஆண்டுகளும் இருந்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் கருவிகளை நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஃபிரேமில் தெரியும் ஒரு கோடு பெயின்ட் கீறலா, வெடிப்பா என்பதை எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. படம் அனுப்பினாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிச் சந்தேகம் வந்தால் நேரில் காட்டித்தான் ஆக வேண்டும். மேலும், உங்கள் சைக்கிளோடும் படகோடும் வந்த கையேட்டில் உள்ள அளவு நான் இங்கே தரும் பொதுவான அளவிலிருந்து மாறுபட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கொட்டகையில் கிடக்கும் பொருளைக் கெடுப்பவற்றில் முதலிடம் ஈரத்துக்கு. வெளியே தெரியும் ஈரம் காய்ந்துவிடும். செயினின் கண்ணிகளுக்குள்ளும், படகின் மடிப்புகளுக்குள்ளும், லைஃப் ஜாக்கெட்டின் உறைக்குள்ளும் தங்கும் ஈரம்தான் மாதக்கணக்கில் வேலை செய்கிறது. அதில் உப்பு கலந்திருந்தால், உப்பு காற்றிலிருந்து மேலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தது வெயிலும் வெப்பமும்: புற ஊதாக் கதிர்கள் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் நைலான் வார்களையும் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. கொட்டகைக்குள் வெயில் விழாது என்று எண்ண வேண்டாம். ஒரு சன்னலின் வழியாக நாள்தோறும் ஒரே இடத்தில் விழும் வெயிலும் போதும். கடைசியாக, ஒரே இடத்தில் நெடுநாள் அழுத்தும் எடை. உங்கள் படகில் விழுந்த குழிக்கும், காற்றிறங்கிய டயரின் பக்கவாட்டில் வரும் வெடிப்புக்கும் அதுவே காரணம். இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றைத் தடுப்பதற்கானது.

சைக்கிள்களிலிருந்து தொடங்குவோம். பருவத்தின் கடைசிப் பயணம் முடிந்த வாரத்திலேயே அவற்றைக் கழுவுங்கள். ஒரு வாளியில் சோப்பு நீரும் ஒரு மென்மையான பிரஷும் போதும். அழுத்தமாகப் பீய்ச்சும் நீரைச் சக்கரத்தின் நடுவிலும் பெடல் தண்டின் நடுவிலும் அடிக்காதீர்கள். அது பேரிங்குகளுக்குள் இருக்கும் கிரீஸை வெளியேற்றி, நீரை உள்ளே தள்ளிவிடும். துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செயினுக்கு வாருங்கள். செயின் பராமரிப்பில் பெரும்பாலோர் எண்ணெயை மேலே பூசுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். செயினில் தேய்வு நடப்பது வெளித்தகட்டில் அல்ல, உருளைக்குள் இருக்கும் ஆணியில். ஆகவே, முதலில் பழைய எண்ணெயும் மண்ணும் சேர்ந்த கருப்புப் பசையைத் துணியால் துடைத்து எடுங்கள். பிறகு பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றிக்கொண்டே, ஒவ்வொரு உருளையின் மீதும் ஒரு துளி சைக்கிள் செயின் எண்ணெய் விழச் செய்யுங்கள். சில நிமிடம் சுற்றி, ஊற விட்டு, அதன் பின் உலர்ந்த துணியால் வெளிப்புறத்தை முழுவதும் துடைத்துவிடுங்கள். தொட்டால் விரலில் ஏறத்தாழ ஒன்றும் ஒட்டக் கூடாது. வெளியே மிஞ்சும் எண்ணெய் தூசியைப் பிடித்து, அரைக்கும் பசையாக மாறிவிடும். நீரை விரட்டுவதற்கென்று விற்கும் மெல்லிய ஸ்பிரே எண்ணெய்கள் துருவைத் தளர்த்த உதவும். ஆனால் மாதக்கணக்கில் செயினைக் காக்கும் தடிப்பு அவற்றுக்கு இல்லை. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளின் அருகே எந்த ஸ்பிரேயையும் பயன்படுத்தவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாரல் டிஸ்க்கில் பட்டால்கூட பிரேக் பிடிமானம் போய்விடும், கிரீச்சென்ற ஒலியும் வரும்.

டயர்கள் காற்றிறங்குவதைத் தடுக்க முடியாது; பஞ்சர் இல்லாமலே ட்யூபின் ரப்பர் வழியாகக் காற்று கசிந்துகொண்டுதான் இருக்கும். காற்றிறங்கிய டயரின் மீது சைக்கிளின் எடை நிற்பதுதான் கெடுதல், ஏனெனில் மடிந்த இடத்தில் பக்கவாட்டு ரப்பர் வெடிக்கத் தொடங்கும். கொக்கியில் மாட்டித் தொங்கவிடலாம். இடமில்லையென்றால் மாதம் ஒருமுறை நான்கு சைக்கிள்களுக்கும் காற்றடித்து, சக்கரத்தை அரைச் சுற்று சுற்றி வையுங்கள்; கால் மணி நேர வேலை. முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் ஹைட்ராலிக் பிரேக் (கம்பிக்குப் பதில் குழாயில் உள்ள திரவத்தால் இயங்குவது) கெட்டுவிடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், வேறு சிலர் மறுப்பார்கள். உள்ளே காற்றுக் குமிழ் இல்லாத பிரேக்குக்கு எந்த நிலையும் ஒன்றுதான் என்பதே என் கருத்து. குமிழ் ஏற்கெனவே இருந்தால் அது இடம் மாறி லீவர் தொளதொளவென்று ஆகும். ஆகவே, தொங்கவிட்டதால் பிரேக் தொளதொளத்தால், ஏற்கெனவே இருந்த குறை அப்போது வெளிப்பட்டது என்று கொள்ளுங்கள். இன்னொன்று: சீட் தண்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியே உருவி, துடைத்து, கிரீஸ் தடவிச் செருகுங்கள். எஃகு ஃபிரேமுக்குள் அலுமினியத் தண்டு ஈரத்தோடு சில பருவங்கள் அசையாமல் இருந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளை வளர்ந்து சீட்டை உயர்த்த வேண்டிய நாளில் அது அசையவே அசையாது. கார்பன் தண்டாக இருந்தால் கிரீஸ் கூடாது. அதற்கென்று தனிப் பசை இருக்கிறது.

உங்கள் நான்கில் ஒன்று மின்சார சைக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்தும் வைக்க வேண்டாம், தீர்ந்த நிலையிலும் வைக்க வேண்டாம். 30 முதல் 60 சதவீதம் வரை இருக்கும்போது கழற்றி, வீட்டுக்குள் வெயில் படாத, ஏறத்தாழ 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ள உலர்ந்த இடத்தில் வையுங்கள். அவ்வளவு குளிர்ச்சி வாய்க்காத இடங்களில் வீட்டிலேயே மிகவும் குளிர்ந்த மூலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் சிறிது ஏற்றுங்கள். உறைநிலைக்குக் கீழான குளிரில் இருந்த பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடக் கூடாது. லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். விளக்குகளில் சாதாரண பேட்டரி இருந்தால் அவற்றையும் கழற்றிவிடுங்கள், கசிந்து முனைகளை அரித்துவிடும்.

வெளியே எடுக்கும் நாளில் நேரம் குறைவாக இருந்தால் பளபளப்பை மறந்துவிட்டுப் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒரு லீவரை மட்டும் பிடியுங்கள்: முன் பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் தூக்க வேண்டும், பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் நின்று இழுபட வேண்டும். எவ்வளவு இறுகப் பிடித்தாலும் லீவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. ரிம் பிரேக் கட்டைகளில் குறுக்காகப் பள்ளங்கள் இருக்கும். அவை மறையும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்றும் முன் கட்டையின் முகத்தைப் பாருங்கள்; சிறு கல்லோ அலுமினியத் துணுக்கோ பதிந்து மின்னினால் அது ரிம்மை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், ஊசி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். கட்டை ரிம்மில் முழுமையாகப் பட வேண்டும். மேலே ஏறி டயரை உரசினால் ஒரே பயணத்தில் டயர் அறுந்துவிடக்கூடும். டிஸ்க் பிரேக்கில், உராயும் பகுதியின் தடிப்பு 1 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. ஹைட்ராலிக் பிரேக்குகளில் சில கனிம எண்ணெயிலும் சில டாட் (DOT) என்று குறித்திருக்கும் பிரேக் திரவத்திலும் இயங்குகின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக் முழுமையாகச் செயலிழக்கும். லீவரை அழுத்தும்போது பஞ்சை அழுத்துவது போலிருந்தால் நீங்களே முயல வேண்டாம், பழகியவரிடம் கொடுங்கள்.

பிள்ளைகளின் சைக்கிளில் பிரேக்கை நீங்கள் பிடித்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். உங்கள் கைக்கு எளிதாக இருக்கும் லீவர் ஏழு வயதுக் கைக்கு எட்டாமல் இருக்கலாம். பிள்ளையைச் சீட்டில் உட்கார வைத்து, ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே விரல்களை நீட்டி லீவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். விரலின் முதல் கணு லீவரைத் தாண்டி மடிய வேண்டும். நுனி விரலால் இழுக்க நேர்ந்தால் அவசரத்தில் அந்தப் பிரேக் பயன்படாது. பெரும்பாலான லீவர்களில், ஹேண்டில்பாரை நோக்கியபடி ஒரு சிறு திருகு இருக்கும். அதை உள்ளே திருகினால் லீவர் நெருங்கி வரும். பல பெற்றோருக்கு அந்தத் திருகு எதற்கு என்றே தெரிவதில்லை. பிள்ளைகளின் சைக்கிளில் அதைவிட மதிப்புள்ள சரிசெய்தல் எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள் என்பதால் சீட்டையும் உயர்த்த வேண்டிவரும். தண்டில் குறைந்தபட்சம் செருக வேண்டிய அளவுக்கு ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் சைக்கிள் சிறியதாகிவிட்டது; இன்னும் சற்று உயர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்த எல்லைக்குள் காற்றடியுங்கள். பிள்ளைகள் எடை குறைந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு அந்த எல்லையின் கீழ்ப்பக்கமே வசதியானது. சக்கரத்தை மடக்கு லீவரால் பூட்டும் சைக்கிள்களில், லீவரை மடித்து மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். ஹேண்டில்பாரையும் பெடலையும் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, தளர்வு இருந்தால் இறுக்குங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள். செயின் தேய்வை அளக்க ஒரு ஸ்கேல் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் தள்ளி உள்ள ஆணியின் நடு வரை புதிய செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர் இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 3 மில்லிமீட்டர் வரை விட்டுவிட்டால் பின்பக்கப் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதில் சரியாக உட்காராது, செலவும் பன்மடங்காகும்.

இனிப் படகுகள். பிளாஸ்டிக் கயாக் பாலிஎத்திலீனால் ஆனது. அது கல்லில் இடித்தால் தாங்கும். வெப்பத்தோடு சேர்ந்த நெடுநாள் அழுத்தத்தைத் தாங்காது. அடிப்பகுதி தரையில் பட மல்லாந்து கிடப்பதும், இரண்டு குறுகிய மரக்கட்டைகளின் மேல் கிடப்பதும், இரு முனைக் கைப்பிடிகளில் கயிறு கட்டித் தொங்குவதும் கூடாது. முனைகளில் தொங்கினால் நடுப்பகுதி தொய்ந்துவிடும். ஒருக்களித்து, விலாப்பக்கம் கீழே இருக்கும்படி மெத்தென்ற பரப்பில் வைப்பது நல்லது. தொங்கவிட வேண்டுமானால் இரு முனையிலிருந்தும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அகலமான பட்டைகளில் தாங்குங்கள். உங்கள் படகில் ஏற்கெனவே விழுந்த குழி பெரும்பாலும் சரியாகிவிடும்: வெயிலில் சில மணி நேரம், குழி விழுந்த பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள், அல்லது சுடுநீர் ஊற்றி உட்புறமிருந்து கையால் தள்ளுங்கள். நெருப்போ, சூடான காற்றைப் பீய்ச்சும் ஹீட் கன்னோ வேண்டாம். நெடுங்காலம் கிடந்த குழி முழுமையாகத் திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சிறிது மிஞ்சினாலும் மிதப்பதற்குக் கேடில்லை, நேராகச் செல்வதில்தான் சற்று வேறுபாடு தெரியலாம். கார் கூரையில் கட்டும்போதும் இதே நியாயம்தான். வெயிலில் நிற்கும் காரில் கயாக்கை ராட்செட் பட்டையால் முறுக்கி இறுக்கினால் போய்ச் சேர்வதற்குள் பள்ளம் விழுந்துவிடும். கையால் இழுத்துப் பூட்டும் பட்டையே போதும்.

வைக்கும் முன் படகின் உள்ளும் புறமும் நன்னீரால் கழுவி, கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை வடிய விடுங்கள். இதில் உங்கள் படகின் நலன் மட்டுமல்ல, அடுத்த நீர்நிலையின் நலனும் இருக்கிறது. பாசித் துணுக்குகளும், ஜீப்ரா சிப்பி போன்றவற்றின் கண்ணுக்குத் தெரியாத இளம் உயிர்களும் தேங்கிய நீரிலேயே பயணம் செய்து புதிய ஏரிகளில் பரவியிருக்கின்றன. ஆகவே, பருவத்தின் நடுவிலும் ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் முன் கழுவி, வடித்து, முழுமையாகக் காய வைப்பதைப் பழக்கமாக்குங்கள். பொருள் வைக்கும் அறைகளின் மூடிகளை இறுக மூடாமல் தளர்த்தி வையுங்கள். ரப்பர் மூடி இழுபட்டபடியே மாதக்கணக்கில் இருந்தால் அதன் பிடிப்புப் போய்விடும். இரண்டு துண்டாகப் பிரியும் துடுப்புகளைப் பிரித்து, இணைப்பில் உள்ள மணலைக் கழுவி, பிரித்தபடியே வையுங்கள். இணைப்பு இறுக்கமாக இருக்கிறதே என்று அதில் கிரீஸ் தடவாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்து காக்கும் என்று விற்கும் தெளிப்பான்களுக்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால் நிழலில் வைப்பதற்கு அவை மாற்றாகா.

காற்றடைக்கும் கயாக்கில் பூஞ்சணம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம், காயாமல் சுருட்டியதுதான். வெளிப்பரப்பைத் துடைத்துவிட்டால் காய்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பக்கக் குழாய்களும் தரைப்பகுதியும் சந்திக்கும் இடுக்கிலும், துணி உறையுள்ள படகுகளில் உறைக்கும் உள்பைக்கும் நடுவிலும் ஒரு குவளை நீர்கூட ஒளிந்திருக்கும். காற்றடைத்த நிலையிலேயே அதைச் செங்குத்தாகச் சாய்த்து வடியவிட்டு, பின்பு கழற்றக்கூடிய தரையைக் கழற்றி, இடுக்கு முழுவதும் ஒரு துணியை விட்டு இழுங்கள். துணி ஈரமில்லாமல் வெளியே வரும் வரை இதைச் செய்ய வேண்டும். காற்றோட்டமுள்ள நிழலில் ஓரிரு நாள் விட்டு, அதன் பிறகு தளர்வாகச் சுருட்டுங்கள். ஆண்டுதோறும் ஒரே மடிப்பில் மடித்தால் அந்தக் கோட்டில் பொருள் நலிவடையும். இடம் இருக்குமானால், பாதி காற்றோடு அப்படியே வைப்பது இன்னும் நல்லது, எலி புகாத இடமாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது பூத்திருக்கும் பூஞ்சணத்தை மென்மையான சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். கறை போகாவிட்டாலும் பரவாயில்லை. கறையைப் போக்கக் கடும் பிளீச் ஊற்றினால் தையலும் ஒட்டும் நலிந்துவிடும்.

வெளியே எடுக்கும்போது, பயணத்துக்கு முந்தைய நாளே வீட்டுக்குள் காற்றடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் சற்றுத் தளர்ந்திருந்தால் அது இரவின் குளிர்ச்சியாலும் இருக்கலாம். தெளிவாகத் தொய்ந்திருந்தால் வால்வையும் ஒட்டுகளையும் சோப்பு நுரையால் பூசிப் பாருங்கள், குமிழ் வரும் இடமே கசிவு. பல சமயம் வால்வில் சிக்கிய ஒரு மணல் துகள்தான் காரணமாக இருக்கும். கரையில் நடக்கும் ஒரு தவறைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கக் குழாய்களை 20 டிகிரி வெப்பத்தில் 2.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) அழுத்தத்துக்கு நிரப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். படகை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். உள்ளே காற்று 50 டிகிரிக்குச் சூடாகிறது. வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துத்தான் காற்று விரிவடைகிறது என்பதால், மொத்த அழுத்தம் 17.2-லிருந்து ஏறத்தாழ 10 சதவீதம் உயர்ந்து 19-ஐ நெருங்கும். அழுத்தமானியில் அது 4.3 என்று தெரியும். முப்பது டிகிரி சூட்டுக்கு, நீங்கள் நிரப்பிய அழுத்தம் 70 சதவீதம் கூடிவிடுகிறது. துணி சற்று விரிந்து கொடுப்பதால் உண்மையில் அந்த அளவு முழுவதும் ஏறாது; ஆனால் அந்த விரிவைத்தான் ஒட்டுகள் தாங்க வேண்டியிருக்கிறது. 10 பி.எஸ்.ஐ.க்கு நிரப்பும் கெட்டித் தரைப்பகுதியில் இதே சூட்டுக்குக் கூடுவது 25 சதவீதம்தான். குறைந்த அழுத்தத்தில் நிரப்பும் குழாய்களே அதிக ஆபத்தில் இருக்கின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆகவே, கரையேறியவுடன் சிறிது காற்றை விட்டுவிடுங்கள், அல்லது நிழலுக்கு நகர்த்துங்கள். குளிர்ந்த நீரில் இறக்கியபின் படகு தொய்வதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். சில நிமிடம் நீரில் விட்டு, பின்பு தேவையான அளவு அடித்துக்கொள்ளலாம்.

லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் கொடுங்கள். நன்னீரில் கழுவி, தோள்பட்டையால் தொங்கவிட்டு, நிழலில் முழுமையாகக் காய வையுங்கள். வாஷிங் மெஷினும் ஹீட்டரும் கூடாது. அடுக்கி மேலே பாரம் வைக்கவும் கூடாது, படகில் முட்டி போட மெத்தையாகப் பயன்படுத்தவும் கூடாது. நசுங்கிய நுரை மிதக்கும் திறனை இழக்கிறது. வெளியே எடுக்கும் நாளில், பக்கிள்களைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொரு வாரையும் பலமாக இழுத்துப் பாருங்கள். நிறம் நன்றாக வெளுத்திருந்தால், துணி எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் வெயில் அதன் நூலைத் தின்றிருக்கிறது. நுரையைக் கிள்ளி விட்டால் உடனே எழும்ப வேண்டும். கெட்டியாகவோ பொரபொரப்பாகவோ இருந்தால் மாற்றுங்கள். ஐயம் இருந்தால் இடுப்பளவு நீரில், மற்றொருவர் அருகில் நிற்க, அணிந்து மிதந்து பாருங்கள். நீரில் விழுந்தவுடன் தானாக ஊதிக்கொள்ளும், வாயுக் குப்பி கொண்ட வகையை நீங்கள் அணிவதானால், குப்பியைக் கழற்றித் தராசில் நிறுத்து, அதன் மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். வாயால் ஊதி நிரப்பி ஓர் இரவு விட்டு, கசிகிறதா என்றும் பாருங்கள். நீரில் கரைந்து இயக்கத்தைத் தொடங்கும் பகுதிக்குக் காலாவதித் தேதி உண்டு. அந்த வகை சிறுபிள்ளைகளுக்கானதல்ல.

பருவத் தொடக்கத்தில் ஒன்றைப் பெற்றோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். குளிர்காலம் உள்ள இடங்களில், காற்று சூடானாலும் நீர் சூடாக வாரக்கணக்காகும். நீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது திடீரென்று விழுந்தால், முதல் ஒரு நிமிடத்தில் அனிச்சையாக மூச்சு வாங்கும், அதை அடக்க முடியாது. நன்றாக நீந்துபவரும் அந்தக் கணத்தில் நீரை உள்ளிழுத்துவிடலாம். அந்த நிமிடத்தில் காப்பாற்றுவது ஏற்கெனவே அணிந்து பூட்டிய லைஃப் ஜாக்கெட்தான், படகில் கிடப்பது உதவாது. அதனால் முதல் சில பயணங்களில், நீரின் குளிர்ச்சிக்கேற்ப உடுத்துங்கள். வெட்சூட் (குளிர்ந்த நீருக்கான இறுக்கமான ரப்பர் உடை) இல்லையென்றால் கரையை ஒட்டியே செல்லுங்கள், அல்லது சில வாரம் பொறுத்திருங்கள்.

இனி மகளின் பொருள்களை மகனுக்குத் தருவது பற்றி. லைஃப் ஜாக்கெட்டைத் தரலாம், மேலே சொன்ன சோதனைகளில் தேறினால், அதோடு அது அவன் எடைக்குரியதாக இருந்தால். வயதைப் பார்க்காதீர்கள், உள்ளே தைத்திருக்கும் லேபிளில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். எல்லா வார்களையும் பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து அவனை மேலே தூக்குவது போல இழுங்கள். மோவாயும் காதும் ஜாக்கெட்டுக்குள் புதைந்தால் அது பெரியது. வளர்ந்தபின் சரியாகிவிடும் என்று வாங்கவும் கூடாது, அணிவிக்கவும் கூடாது. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு, 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) என்று குறித்திருக்கும் மிதவை உதவி போதாது. அது நீந்தத் தெரிந்தவர்களுக்கானது, மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. கழுத்துப் பட்டையும் கால்களுக்கிடையே செல்லும் வாரும் கொண்ட 100 நியூட்டன் வகையே அவனுக்கு வேண்டும்.

ஹெல்மெட் விஷயத்தில் நான் சற்றுக் கண்டிப்பானவன். உள்ளே உள்ள வெள்ளை நுரை ஒருமுறை நசுங்கிய பின் மீண்டும் எழாது, நசுங்கியதும் வெளியே தெரியாமல் போகலாம். மகள் அதை அணிந்து ஒருமுறையாவது தலை இடிபட விழுந்திருந்தால், வெளியே கீறல்கூட இல்லையென்றாலும், தூக்கிப் போடுங்கள். இது உறுதியானது. விழாத ஹெல்மெட்டை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்பதில் ஒரே விடை கிடையாது: சில தயாரிப்பாளர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டு என்கிறார்கள், அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 5 முதல் 10 ஆண்டு என்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்குள் இருந்து, வெயில் படாத இடத்தில் இருந்து, விழவில்லை என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் தரலாம். அந்த நிச்சயம் இல்லையென்றால் புதியது வாங்குங்கள். அவன் தலையில் வைக்கும்போது புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம்தான் இருக்க வேண்டும், வார்கள் காதைச் சுற்றி கவைபோல் இறங்க வேண்டும், மோவாய்க்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொன்னாலும் அது நழுவக் கூடாது. சைக்கிளை விட்டு இறங்கி ஏணியிலோ மரத்திலோ ஏறி விளையாடப் போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இடுக்கில் சிக்கினால் மோவாய் வாரே கழுத்தை இறுக்கிவிடும்.